மதுரை எதில் வல்லது?

மாட்டுத்தாவணி என்ற பெயருக்குள் ஒரு பொருளாதார வரலாறு அடங்கியிருக்கிறது. தாவணி என்றால் கால்நடைச் சந்தை. உழவு மாடுகளும் வண்டி மாடுகளும் கைமாறிய இடத்தில் 1999 முதல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் இயங்கி வருகிறது. பின்னர் பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் அதன் அருகே இடம் பெயர்ந்தன. மேலூர் சாலையில் சற்றுத் தொலைவில், உலகனேரியில், 2004 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. இலந்தைக்குளத்தில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2025-ஆம் ஆண்டு மாட்டுத்தாவணிப் பகுதியில் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றுக்குத் தெற்கே, வைகையின் வடகரையில் இருக்கும் வண்டியூர், கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த உழவர்களின் ஊர். 2011-இல் மதுரை மாநகராட்சியின் வார்டுகள் 72-இலிருந்து 100-ஆக உயர்ந்தபோது அதுவும் மாநகரின் பகுதியாயிற்று.

கால் நூற்றாண்டில் இத்தனை மாற்றங்களைக் கண்ட பகுதியில் வேலைவாய்ப்பு கூடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. நெல் வயல் இருந்த இடத்தில் இன்று கட்டடத் தொழிலாளரும், கடை ஊழியரும், ஓட்டுநரும், வழக்குரைஞரின் எழுத்தரும், மென்பொருள் பொறியாளரும் வேலை செய்கின்றனர். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அதே மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் புறப்படும் பேருந்துகள் நம் பட்டதாரிப் பிள்ளைகளால் நிரம்பி வழிகின்றன. ஊர் வளர்கிறது, ஊரில் படித்தவர்கள் வெளியேறுகின்றனர். இவ்விரண்டும் ஒருசேர நிகழ்வது எப்படி?

'வேலைவாய்ப்பு கூடியதா?' என்று மட்டும் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. கூடிய வேலை எந்தத் துறையில் கூடியது, அது மாநிலம் முழுவதும் எழுந்த அலையால் வந்ததா, மதுரைக்கே உரிய வலிமையால் வந்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும். வட்டாரப் பொருளியலில் இதற்கென எளிய கருவிகள் உள்ளன. அவற்றைப் புரிந்துகொள்ள உயர் கணிதம் தேவையில்லை. கூட்டலும் வகுத்தலும் போதும்.

அலையும் படகும்

முதற்கருவியைப் 'பெயர்ச்சிப் பங்கு ஆய்வு' என்று தமிழில் சொல்லலாம். 1960 வாக்கில் எட்கர் டன் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் செம்மைப்படுத்திய முறை இது. ஒரு வட்டாரத்தில் ஒரு துறையின் வேலைவாய்ப்பு கூடும்போது அந்தக் கூடுதலை அது மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. ஒட்டுமொத்தப் பொருளாதாரம் வளர்ந்ததால் வந்தது முதற்கூறு. அந்தத் துறை பிற துறைகளைவிட விரைந்து வளர்ந்ததால் வந்தது இரண்டாவது. அந்த வட்டாரம் பிற வட்டாரங்களை விஞ்சியதால், அல்லது அவற்றிடம் தோற்றதால், வந்தது மூன்றாவது.

கணக்கு புரிவதற்காகச் சில கற்பனை எண்களைக் கொள்வோம். ஒரு மாவட்டத்தில் ஒரு துறையில் 1,000 பேர் வேலை செய்கின்றனர். பத்தாண்டு கழித்து அந்த எண்ணிக்கை 1,150 ஆகிறது. 150 புதிய வேலைகள். ஆட்சியாளர் பெருமைப்படலாம், நாளேடுகள் பாராட்டலாம். ஆனால், அதே பத்தாண்டில் மாநிலத்தின் மொத்த வேலைவாய்ப்பு 10 விழுக்காடும், மாநில அளவில் அந்தத் துறை 25 விழுக்காடும் வளர்ந்திருந்தால் நிலைமை என்ன? மாநில வளர்ச்சியின் பங்காக 100 வேலைகளும், துறையின் தனி வேகத்தால் மேலும் 150 வேலைகளும் ஆக 250 வேலைகள் அந்த மாவட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்தவை 150 மட்டுமே. எஞ்சிய 100 வேலைகளைப் பிற மாவட்டங்கள் கொண்டுபோயின. வளர்ச்சி என்று கொண்டாடப்பட்டதற்குள் ஒரு தோல்வி ஒளிந்திருக்கிறது.

நீர் உயர்ந்தால் கண்மாயில் கிடக்கும் எல்லாப் படகுகளும் உயரும். அதைக் கொண்டு எந்தப் படகு நன்றாகக் கட்டப்பட்டது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பம், கட்டுமானம், சில்லறை வணிகம் ஆகியவை தமிழகம் முழுவதும் உயர்ந்த அலைகள். அவை மதுரைக்கும் வந்தன. மதுரையில் அவை மாநில வேகத்தைவிட விரைந்து வளர்ந்தனவா, பின்தங்கினவா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஞாயிறு இரவுப் பேருந்துகள் அதற்கு ஒரு குறிப்பைத் தருகின்றன.

ஈவு சொல்வதும் சொல்லாததும்

இரண்டாம் கருவி 'இடக்குவிப்பு ஈவு'. பிரிட்டனின் சார்ஜண்ட் புளோரன்ஸ் என்ற பொருளியலறிஞரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுவது. ஒரு துறை ஒரு வட்டாரத்தின் வேலைவாய்ப்பில் எத்தனை விழுக்காடு என்பதை, அதே துறை மாநிலத்தின் வேலைவாய்ப்பில் எத்தனை விழுக்காடு என்பதால் வகுக்க வேண்டும். மீண்டும் கற்பனை எண்களே: மாநிலத்தில் 100 பணியாளரில் 2 பேரும், மாவட்டத்தில் 100 பணியாளரில் 5 பேரும் ஒரு தொழிலில் இருந்தால் ஈவு 2.5. ஈவு ஒன்றுக்கு மேல் சென்றால் அந்த வட்டாரம் அத்தொழிலில் தனித்திறன் பெற்றுள்ளது என்றும், தன் தேவைக்கு மேல் செய்து வெளியூருக்கு விற்கிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் வெளியிலிருந்து வாங்குகிறது என்று பொருள்.

இந்த ஈவைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. 100 பணியாளர் உள்ள ஊரில் 30 பேர் ஆலையிலும் 20 பேர் கடைகளிலும் 50 பேர் பிற தொழில்களிலும் இருப்பதாகக் கொள்வோம். ஆலை மூடப்பட்டு 30 பேரும் ஊரைவிட்டு வெளியேறினால் மீதி 70 பேர். கடைகளில் ஒரே ஓர் ஆள்கூடக் கூடவில்லை. ஆனால், கடை வேலையின் பங்கு 20 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 29 விழுக்காடாக உயர்ந்துவிடும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் 'இவ்வூர் வணிகத்தில் சிறந்து வருகிறது' என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்த ஊர் ஓர் ஆலையை இழந்திருக்கிறது. மதுரையின் தொழில் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பொறியை நினைவில் வைப்பது நல்லது.

ஆலை நகரம்

மதுரை நூலோடு பழகிய ஊர். வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் கிடைத்த தக்களிகள், இந்தப் பழக்கம் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று காட்டுகின்றன. நாயக்கர் காலம் தொட்டு இங்கு வாழும் சௌராஷ்டிர மக்களின் நெசவும், சுங்குடிச் சாயமும் அந்த மரபின் தொடர்ச்சி. 1875-இல் புகைவண்டி வந்தது. 1889-இல் ஹார்வி சகோதரர்கள் மதுரா ஆலையைப் புகைவண்டி நிலையத்தை ஒட்டி நிறுவினர். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை நீர் வைகைப் படுகைக்கு வந்து சேர்ந்தது. மதுரைச் சமவெளியின் நெல் விளைச்சல் உறுதிப்பட்டது. கருமுத்து தியாகராசர் ஸ்ரீமீனாட்சி ஆலையைத் தொடங்கினார். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் அருகே அவர் 1949-இல் நிறுவிய தியாகராசர் கல்லூரி, ஆலைச் செல்வம் கல்விக்குத் திரும்பியதன் சான்று.

ஆலை வேலை வெறும் கூலி வேலையாக இருக்கவில்லை. நிரந்தரப் பணி, வருங்கால வைப்பு நிதி, மிகை ஊதியம், தொழிற்சங்கம் ஆகியவை ஒரு தலைமுறைக்கு நடுத்தர வாழ்வை அளித்தன. ஆலைத் தொழிலாளருக்காக எழுந்த ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. 1974-இல் மதுரா ஆலை 'கோட்ஸ்' நிறுவனத்தோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் பழைய கூட்டு ஆலைகளின் காலம் மங்கியது. நூற்பு, வேடசந்தூர், திண்டுக்கல், இராசபாளையம் வட்டாரங்களின் புதிய சிறு ஆலைகளுக்கு நகர்ந்தது. அங்கே விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள், குறைந்த ஊதியத்தில், சில ஆண்டுகளுக்கு மட்டும் வேலை செய்தனர். தென் தமிழகத்தில் நூற்பு வேலை அழிந்துவிடவில்லை; அதன் இடமும் தன்மையும் மாறின. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்க்கு இந்த மாற்றம் புலப்படாது.

இங்கே கோவையோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். இரு நகரங்களிலும் நூற்பாலைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின. கோவையின் ஸ்டேன்ஸ் ஆலை 1888-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோவையிலும் பல ஆலைகள் மூடப்பட்டன. ஆனால், அதற்கு முன்பே அங்கே ஆலையைச் சுற்றி வேறொரு தொழில் உலகம் உருவாகியிருந்தது: வார்ப்படப் பட்டறைகள், மின் மோட்டார், நீரேற்றுக் குழாய், நூற்பு இயந்திரம். 1937-இல் ஜி.டி. நாயுடு உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்தார். 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கோவையில் அமைந்தது. 1962-இல் லட்சுமி இயந்திரத் தொழிற்சாலை எழுந்தது. நூல் நூற்ற ஊர், நூற்கும் இயந்திரத்தைச் செய்யும் ஊராயிற்று.

மதுரையில் அது ஏன் நிகழவில்லை? கொங்கு நாட்டு உழவர், ஆழ்கிணற்று நீரை மேலேற்ற மோட்டாரை நாடினர். மதுரைச் சமவெளியில் பெரியாற்றுக் கால்வாய் நீர் தானாக வயலுக்குப் பாய்ந்தது என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். மதுரையின் பெரிய ஆலை அயல்நாட்டார் கையில் இருந்ததும் காரணமாகலாம். மற்றொன்றும் உண்டு. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் குழுமம் பேருந்து, பழுதுபார்ப்பு, உதிரிபாகம் என்று விரிந்தது. ஆனால், அக்குழுமத்தின் பெரும் தொழிற்சாலைகள் பல 1960-களில் சென்னைக்கு அருகே பாடியிலும் பின்னர் ஓசூரிலும் அமைந்தன. துறைமுகத்தையும் சந்தையையும் நோக்கித் தொழில் செல்வது இயல்பே. எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வேர் மதுரையிலும் கிளைகள் வேறிடத்திலும் அமைந்தது வரலாறு. மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் உள்ள டயர் தொழிற்சாலையும் நகரைச் சுற்றியுள்ள ரப்பர் பொருள் தொழிலகங்களும் அந்த வேரில் துளிர்த்தவை.

வெளிப்பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு வட்டாரத்தின் வேலைகளை இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். வெளியூரிலிருந்து பணத்தை ஈர்த்துவரும் வேலைகள் அடிப்படை வேலைகள். அந்தப் பணம் ஊருக்குள் சுழலும்போது உருவாகும் தேநீர்க்கடை, மளிகைக்கடை, சலூன், பள்ளி முதலியவை சார்பு வேலைகள். 1955-இல் டக்ளஸ் நார்த், வட்டாரங்களின் வளர்ச்சிக்கு ஏற்றுமதி அடிப்படையே உந்துவிசை என்று வாதிட்டார். மறு ஆண்டே சார்லஸ் டிபூ, உள்ளூர்த் தேவையையும் உள்ளூர்த் திறனையும் புறக்கணிக்கலாகாது என்று மறுத்தார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எனினும், சார்பு வேலைகள் மட்டுமே பெருகும் ஊர் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது என்பதை மறுப்பார் இல்லை.

'தொழிற்சாலை என்றால் அடிப்படை வேலை. சேவை என்றால் சார்பு வேலை' என்று கருதுவது தவறு. உயர் நீதிமன்றக் கிளைக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வரும் மனுதாரர் செலவிடும் தொகை வெளிப்பணமே. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் பயணி, அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் உறவினர், கல்லூரி விடுதி மாணவர் ஆகியோரும் வெளிப்பணத்தைக் கொண்டுவருபவர்களே. மதுரை அந்த வகையில் தென் தமிழகம் முழுமைக்கும் சேவை விற்கும் நகரம். ஆனால், இவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்றக் கிளையும் பேருந்து நிலையமும் அரசாணையால் வந்தவை. அவை தரும் வேலைகள் வேண்டியவைதாம், ஆனால் அவற்றிலிருந்து புதிய தொழில்நுட்பம் எளிதில் பிறப்பதில்லை. திறன் மேல் திறனாக வளரும் சேவை வேறு.

அதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை வில்லையை அந்நாளில் அயல்நாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஏழை நோயாளிக்கு அதன் விலை எட்டாக்கனி. 1992-இல் அந்த வில்லையை மதுரையிலேயே செய்ய ஆரோலேப் தொடங்கப்பட்டது. இன்று வண்டியூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கைச் சாலையில் வீரபாஞ்சானில் இயங்கும் அந்தத் தொழிற்கூடத்திலிருந்து வில்லைகளும் கண் மருந்துகளும் அறுவைத் தையல் இழைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள் ஈராண்டுப் பயிற்சி பெற்றுக் கண் மருத்துவ உதவியாளர் ஆகின்றனர். பிற மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகின்றனர்.

இதை ஒரு மருத்துவமனையின் புகழாகப் பாராமல் பொருளியல் நோக்கில் பார்க்க வேண்டும். சேவையிலிருந்து உற்பத்தி பிறந்தது. உற்பத்தியிலிருந்து ஏற்றுமதி பிறந்தது. இரண்டுக்கும் வேண்டிய திறன் ஊருக்குள்ளேயே கற்பிக்கப்பட்டது. கோவையில் ஆலையிலிருந்து இயந்திரம் பிறந்த அதே கதை இங்கே கண் மருத்துவத்தில் நிகழ்ந்திருக்கிறது. சிவகாசியிலும் இதே தொடர்ச்சியைக் காணலாம். தீப்பெட்டியில் பழகிய வேதிப்பொருள் அறிவு பட்டாசுக்குக் கைகொடுத்தது. இரண்டுக்கும் ஒட்டுத்தாள் அச்சிடத் தொடங்கிய அச்சகங்கள் நாட்டின் பெரும் அச்சுத் தொழில் மையங்களுள் ஒன்றாக வளர்ந்தன. ஒரு வட்டாரத்தின் புதிய வலிமை பெரும்பாலும் அதன் பழைய வலிமைக்குப் பக்கத்து வீட்டில்தான் பிறக்கிறது.

ஒற்றைத் தூணின் ஆபத்து

தனித்திறன் நல்லது என்பதால் ஒரே துறையில் ஊர் முழுவதும் இறங்கிவிடலாமா? ஆகாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூர் பின்னலாடைத் தொழில் நிலைகுலைந்ததை நாம் கண்டோம். எங்கோ எடுக்கப்பட்ட முடிவு இங்கே வேலை நேரத்தைக் குறைத்தது. திருப்பூரின் இடக்குவிப்பு ஈவு எவ்வளவு உயர்வோ, அவ்வளவு உயர்வு அதன் ஆபத்தும்.

மதுரை மாவட்டத்திலும் ஒரு பாடம் உண்டு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் தொழில் பெருகிய காலத்தில், அதை நம்பிச் சுமை ஊர்திகளும் பட்டறைகளும் உணவகங்களும் பெருகின. 2012-இல் குவாரி முறைகேடுகள் வெளிச்சத்துக்கு வந்து பணிகள் நின்றபோது அந்த வேலைகளும் நின்றன. சட்டமீறலைத் தடுத்தது சரியே. ஆனால், பூமியைத் தோண்டி எடுத்து விற்பதில் கற்ற திறன் வேறு எந்தத் தொழிலுக்கும் இடம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்மாய்களும் குன்றுகளும் சிதைந்ததுதான் மிச்சம்.

மல்லிகை மற்றோர் எடுத்துக்காட்டு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனிக்காலத்தில் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் அதே பூ, பருவ காலத்தில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்கும். ஓரிரவுக்கு மேல் தாங்காத பொருளை, அன்றாடச் சந்தையை மட்டும் நம்பி விளைவிப்பதன் விளைவு இது. பூவில் நாம் பெயர் பெற்றிருக்கிறோம். பூவிலிருந்து நறுமணச் சாறு எடுத்தல், குளிர்பதனம், ஏற்றுமதிச் சிப்பமிடல் ஆகியவற்றில் அதே அளவு பெயர் பெறவில்லை. பூக்கட்டும் பெண்ணுக்கும் அப்பளம் இடும் பெண்ணுக்கும் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. அவர்களின் கைத்திறன் எந்த அளவுகோலாலும் குறைந்ததில்லை. அந்தத் திறனுக்குப் பக்கத்தில் அடுத்த தொழில் பிறக்கவில்லை என்பதே குறை.

கணக்கில் தெரியாத ஊர்

இவ்வளவும் சொன்ன பின், 'அப்படியானால் மதுரையின் ஈவுகள் எவ்வளவு?' என்று வாசகர் கேட்பது நியாயம். இன்றைய நிலைமைக்கு அதைத் துல்லியமாகச் சொல்லும் கணக்கு பொதுமக்கள் கையில் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் முதன்மையான கவலை.

வேலை பற்றிய முழுமையான எண்ணிக்கையை மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் தருகிறது. நம்மிடம் உள்ளது 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. அப்போது மதுரை மாவட்ட மக்கள்தொகை 30.38 லட்சம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பணமதிப்பிழப்பு, சரக்கு-சேவை வரி, பெருந்தொற்று, செயலிவழி விநியோக வேலை எல்லாம் வந்துவிட்டன. மேலும், 1991 வரை முதன்மைச் சுருக்க அட்டவணையில் பணியாளர் ஒன்பது வகையாகப் பிரிக்கப்பட்டனர். 2001 முதல் அது நான்கு வகையாகச் சுருங்கியது: உழவர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிறர். 2011-இல் தமிழகப் பணியாளரில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் 'பிறர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டனர். வில்லை செய்யும் தொழில்நுட்பரும், நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவரும், உணவு விநியோகம் செய்யும் இளைஞரும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றே. விரிவான துறைவாரி அட்டவணைகள் உண்டு என்றாலும் அவை வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும்.

எல்லைக் கோடுகளும் குழப்புகின்றன. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985-இல் திண்டுக்கல்லும் 1996-இல் தேனியும் பிரிந்தன. 1981-ஆம் ஆண்டு மதுரையையும் 2011-ஆம் ஆண்டு மதுரையையும் ஒப்பிடுபவர் இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார். அதேபோல, நிர்வாகக் கணக்கில் கீழடியும் திருப்புவனமும் சிவகங்கை மாவட்டம். வாழ்க்கைக் கணக்கில் அங்குள்ள பலர் நாள்தோறும் மதுரைக்கு வேலைக்கு வந்துபோகின்றனர். வேலைச் சந்தையின் எல்லை மாவட்ட எல்லையோடு பொருந்துவதில்லை.

தேசிய அளவில் 2017 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, மாநில அளவிலான மதிப்பீடுகளுக்கென வடிவமைக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் அதன் மாதிரி வடிவமைப்பில் மாவட்டம் அடிப்படை அலகாக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். தமிழக அரசின் புள்ளியியல் துறை இதனைப் பயன்படுத்தி, ஆண்டுதோறும் மாவட்டவாரி வேலைவாய்ப்புக் கணக்கை வெளியிட முன்வர வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மதுரை வேலைச் சந்தை வட்டாரத்துக்கென ஒரு கணக்கு வேண்டும். மதுரை மாவட்டத்தோடு திருப்புவனம், நிலக்கோட்டை, காரியாபட்டி போன்ற அண்டைப் பகுதிகளையும் சேர்த்து, எந்தத் துறையில் எத்தனை பேர், எவ்வளவு ஊதியம், நிரந்தரமா ஒப்பந்தமா என்று கணக்கிட வேண்டும். 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளின் பொருளியல் துறைகளும் இதைச் செய்ய இயலும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு தெருவைக் கணக்கெடுத்தாலே நல்லதொரு மாதிரி கிடைத்துவிடும். ஆய்வேடுகள் அலமாரியில் உறங்குவதைவிட இது மேல்.

இரண்டாவதாக, புதிய பூங்காக்களை மதிப்பிடும் அளவுகோல் மாற வேண்டும். இத்தனை சதுர அடி, இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை என்ற அறிவிப்போடு நாம் நிறைவடைகிறோம். இருக்கையும் குளிர்சாதனமும் எந்த ஊரிலும் கட்டலாம். அந்தப் பூங்காவிலிருக்கும் நிறுவனம் உள்ளூரிலிருந்து எதை வாங்குகிறது, உள்ளூர்க் கல்லூரிகளோடு என்ன தொடர்பு வைத்திருக்கிறது, ஐந்தாண்டு அனுபவம் பெற்றவர் மேல்நிலைப் பொறுப்புக்கு இங்கேயே உயர முடியுமா, இல்லை அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, இருக்கும் திறன்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். மதுரையில் கண் மருத்துவக் கருவித் திறன் இருக்கிறது. ரப்பர் தொழில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு இருக்கிறது. அதே மாவட்டத்தில் பெரும் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023-இல் முடிவாயிற்று. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் படிக்கிறோம். சேர்த்துப் படித்தால், மருத்துவக் கையுறை, குழாய், தையல் இழை, கட்டுத்துணி, சிறு கருவிகள் ஆகியவற்றைச் செய்யும் ஒரு வட்டாரத்தின் வரைபடம் கண்ணுக்குத் தெரியும். தகவல் தொழில்நுட்பமும் இந்த வரைபடத்துக்குள் மருத்துவப் பதிவேடு, பரிசோதனைப் படங்களின் ஆய்வு என்று தனக்குரிய இடத்தைத் தேடிக்கொண்டால், அது பெங்களூரின் சிறு கிளையாக இல்லாமல் மதுரையின் சொந்தத் தொழிலாகும்.

நான்காவதாக, தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடப்பிரிவுகள் இந்தக் கணக்கின்படி அமைய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு ஈராண்டுப் பயிற்சி தந்து மதிப்புள்ள வேலையில் அமர்த்தலாம் என்பதை ஒரு மருத்துவமனை பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறது. அதைப் பிற தொழில்களுக்கும் விரிக்கப் பெரும் முதலீடு தேவையில்லை.

மதுரையை இன்னொரு கோவையாகவோ இன்னொரு சென்னையாகவோ ஆக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தேர்தல்தோறும் கேட்கிறோம். ஓர் ஊரின் வலிமையைப் பிரதி எடுத்து இன்னோர் ஊரில் ஒட்ட முடியாது. நமக்கு எது வரும், எது வளரும், எது நம்மைவிட்டு நழுவுகிறது என்று அறிந்துகொள்வதே முதல் வேலை. 2027 கணக்கெடுப்பின் துறைவாரி அட்டவணைகள் வெளிவரும் நாளில், 'எத்தனை வேலை கூடியது' என்ற வரியோடு நின்றுவிடாமல், மாநிலம் பெற்றதில் மதுரை தன் பங்கைப் பெற்றதா என்ற வகுத்தலையும் நாம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த விடை கசப்பாக இருந்தாலும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அது நமக்குக் காட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), மதுரை.